பொதுப் படப்பு

மதுரை, ஆரப்பாளையம்
8.11.1982

ஒத்தப்பனைப்பட்டி கால்நடை வளர்ப்போர் நலமன்றத் தலைவர் திரு. நல்லகாமன் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் ஊரில் தங்கி மன்றத்தின் நடப்பைப் பார்த்து வந்தேன். உங்கள் துணைவியார் முத்துத்தாய் அம்மாள் இட்ட சோற்றுக்கும், வெயிலில் என்னோடு தெருத்தெருவாக நடந்த உங்களுக்கும் முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

எங்கள் தொண்டு மையம் என்னை எதற்காக அனுப்பியது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஊர்களில் மக்களே தொடங்கி நடத்தும் சங்கங்கள் தம் காலில் நிற்கும் வலிமை பெற்றுள்ளனவா என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. வலிமை உண்டென்று நான் எழுதினால் உங்கள் மன்றத்துக்கு எங்கள் துணை கிடைக்கும். வைக்கோலுக்கு ஓடு வேய்ந்த கொட்டகை, ஊரிலேயே கால்நடை முதலுதவி நிலையம், அதை நடத்த உறுப்பினர்களுக்குப் பயிற்சி. சென்ற கோடையில் தீவனமின்றிக் கறவை மாடுகளை உசிலம்பட்டிச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு விற்றதைச் சொல்லும்போது உங்கள் ஊர்ப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இந்த ஆண்டும் மழை பொய்த்துவிட்டது. இந்த அறிக்கை உங்களுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்துதான் பின்வருவதை எழுதுகிறேன்.

உங்கள் வேலையில் குறை காணவில்லை. அறுவடை முடிந்ததும் திருவாதவூர் நஞ்சைகளில் வைக்கோல் வாங்கி, லாரியில் ஏற்றி வந்து, உங்கள் தோட்டத்தில் பொதுப் படப்பாகக் குவித்து, கோடையில் பகிர்ந்து கொடுக்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் வேறு எந்தச் சங்கமும் இதைச் செய்யவில்லை. நான் கொண்டுவந்த வினாத்தாளில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே சொன்னார்கள்.

ஆனால் வினாத்தாளில் இல்லாத ஒன்றையும் கேட்டேன்: தலைவர் ஊரில் இல்லையென்றால் மன்றம் என்ன செய்யும்?

வினாத்தாளோடு வந்த என்னை டீச்சராகவே ஆக்கிக்கொண்ட செயலாளர் மொக்கைச்சாமி, "அவரு இல்லாட்டி கூட்டம் எதுக்கு டீச்சர்? நான் என் சோலியப் பாக்கப் போறேன்" என்றார். செயற்குழுவில் இருக்கும் ஒச்சம்மாள், "அண்ணே எங்கிட்டுப் போகப் போறாக? போனாலும் வந்துருவாகள்ல, வந்ததும் கேட்டுக்கிருவோம்" என்றார். "வரவே இல்லையென்றால்?" என்றேன். "மொதல்ல வாயக் கழுவு தாயி" என்றார்.

ஐயா, உங்கள் மன்றத்திற்குக் கைகள் பல, வாய் ஒன்றுதான். அந்த வாய்க்குத் தொண்டை கட்டினால் மன்றமும் படுத்துவிடும். இந்த நிலையில் 'வலிமை உண்டு' என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. 'இல்லை' என்று எழுதவும் ஒப்பவில்லை. எனவே ஒரு வழி சொல்கிறேன். மாசி இறுதிவரை அறிக்கையை நிறுத்தி வைக்கிறேன். தை அறுவடை வரும்வரை நீங்கள் கூட்டத்திற்கு வர வேண்டாம். ஆள் விட்டோ எழுதியோ கட்டளையும் இட வேண்டாம். மன்றம் தானாக நடக்கிறதா என்று பார்ப்போம்.

கோபம் வரும். வந்தால் எழுதுங்கள்.

அ. அற்புதமேரி


ஒத்தப்பனைப்பட்டி
13.11.1982

அம்மையீர்,

தங்கள் மடல் கண்டேன். கண்டதும் சினந்தேன், சினந்ததும் எழுத அமர்ந்தேன், அமர்ந்தவன் எழுந்து தோட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தேன். ஆகவே இம்மடல் நான் முதலில் எழுத எண்ணியதைவிட மென்மையானது. அந்த நன்றி என் தோட்டத்திற்கே உரியது.

வாய் ஒன்றாக இருத்தல் குற்றமோ? கண்மாய்க்கு மடை பல இருக்கலாம்; கரை ஒன்றுதானே? கரையை உடைத்துவிட்டு, நீர் தானாக நிற்கிறதா என்று பார்ப்பதற்குப் பெயர் ஆய்வோ? கட்சிக் கொடி பிடித்தவர்களும் கந்துவட்டிக்காரர்களும் ஊரைக் கூறு போட்டிருந்த நாளில், உசிலம்பட்டிச் சாலையோரம் ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று நான் பேசிய பேச்சால் பிறந்தது இம்மன்றம். பேச்சால் பிறந்ததைப் பேச்சிலிருந்து பிரிக்க நினைக்கிறீர்கள்.

தாங்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். முன்பெல்லாம் இவ்வூர்க் கூட்டம் எப்படி நடந்தது? பெரியதனக்காரர் ஒருவர் செய்தியைச் சொல்வார். வெற்றிலைத் தாம்பாளம் சுற்றி வரும். முதல் வெற்றிலை எவருக்கு என்பதில் பகை மூளும். அந்த முதல் வெற்றிலைக்காக உடன்பிறந்தார் இருவர் அரிவாள் தூக்கியதை என் கண்ணால் கண்டவன் நான். அந்தத் தாம்பாளத்தை ஒழித்தேன். "கையை உயர்த்துங்கள்! செல்வனுக்கும் ஒரு கை, ஏழைக்கும் ஒரு கை. ஆணுக்கும் ஒரு கை, பெண்ணுக்கும் ஒரு கை!" என்றேன். அன்று தொட்டு இன்றுவரை எம்மன்றத்தில் ஒரு முடிவுக்கேனும் எதிர்க்கை உயர்ந்ததில்லை. இதனினும் ஒற்றுமை வேண்டுமெனில் அதைத் தேனீக்களிடம்தான் தேட வேண்டும்.

தங்கள் கட்டுப்பாட்டை நான் ஏற்கவில்லை.

எனினும், கோவையில் ஆலைத் தொழிலாளியாக இருக்கும் என் தம்பி பேயாண்டி, சிங்காநல்லூர்ப் படிப்பகங்களில் தொடர்சொற்பொழிவு ஆற்ற வருமாறு நெடுநாளாக அழைத்து வருகிறான். அடுத்த வாரம் புறப்படுகிறேன். தைவரை அங்கிருப்பேன். இதைத் தங்கள் சொல்லுக்கு அடங்கிச் செல்வதாகக் கொள்ளற்க.

அவ்வீட்டு முகவரியைக் கீழே குறித்துள்ளேன். மன்றச் செய்தி ஏதேனும் இருப்பின் எழுதலாம். எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை.

நல்லகாமன்


மதுரை
29.11.1982

தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை என்றீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் இல்லாத முதல் கூட்டம் நேற்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. உங்கள் நாற்காலி காலியாகக் கிடந்தது. மொக்கைச்சாமியை அதில் உட்காரச் சொன்னார்கள். அவர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டார். பிறகு, பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று என் வினாத்தாளைப் புரட்டினார். 'மன்றத்தின் உடைமைகள் எவருடைய இடத்தில் உள்ளன?' என்று அதில் ஒரு கேள்வி உண்டு.

"அதேன் இருக்கே படப்பு, தலைவரு தோட்டத்துல. இந்த வருசமும் அங்கனதேன போடுறோம்? சம்மதம்னா கையத் தூக்குங்க" என்றார். எல்லாரும் தூக்கினார்கள்.

கூட்டம் நடத்தும் முறை அதுவல்லவே என்று, "மாற்றுக் கருத்து உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவர், "சரி, வேற எடத்துல போடலாம்ங்கிறவுக தூக்குங்க" என்றார். அதற்கும் எல்லாரும் தூக்கினார்கள்.

முன்வரிசையிலிருந்து ஒருவர், "என்ன மாப்ள, செயலாளரே ரெண்டுக்கும் தூக்குறீக?" என்று கேட்டார். "ஒங்க கை மட்டும் கீழயா இருக்கு?" என்றார் மொக்கைச்சாமி. அத்துடன் கூட்டம் கலைந்தது.

வெளியே வந்து ஒச்சம்மாளிடம் காரணம் கேட்டேன். "கையத் தூக்குனாத்தேன் தாயி கூட்டம் முடியும். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்ல" என்றார்.

உசிலம்பட்டிவரை சிரித்துக்கொண்டே வந்தேன். டவுன் பஸ் கருமாத்தூரைத் தாண்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. என் வினாத்தாளில் நான் வாங்கிய 'ஆம்'களும் இந்தக் கைகளைப் போன்றவைதாமோ? 'கூட்டத்தில் உங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்வீர்களா?' என்ற கேள்விக்கும் ஊரே 'ஆம்' என்றுதான் சொல்லியிருந்தது.

எதிர்க்கை உயர்ந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்போது உயர்ந்துவிட்டது. ஆனால் அதே கை.

அற்புதமேரி


சிங்காநல்லூர்
5.12.1982

அம்மையீர்,

தங்கள் மடலைத் தம்பி பேயாண்டி உரக்கப் படித்தான். அவன் சிரித்தான், அவன் மனைவி சிரித்தாள், நானும் சிரித்தேன் என்று எழுதவே விரும்புகிறேன்.

இங்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. மாலைதோறும் ஆலைச் சங்கு ஊதியபின் படிப்பகம் நிறைகிறது. பஞ்சுத் தூசி படிந்த தலையோடு நின்றுகொண்டே கேட்கின்றனர். கேட்டுவிட்டுக் கேள்வியும் கேட்கின்றனர்! நேற்று ஓர் இளைஞன், "ஐயா சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடில்லை" என்று தொடங்கினான். அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவனைப்போல் ஒருவன் நம் ஊரில் இல்லையே என்று எண்ணினேன்.

படப்பை வேறிடத்தில் போடலாமா என்னும் வினா எழுந்ததே எனக்கு வியப்பாக உள்ளது. இடம் கொடுத்தேன், வாடகை கேட்டேனா? ஆடு மேயாமல் வேலி அடைத்தேன், கூலி கேட்டேனா? என் வாயில் கதவை எவருக்கேனும் அடைத்ததுண்டா? கைகள் இருமுறை உயர்ந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மொக்கைச்சாமிக்குக் கூட்டம் நடத்தத் தெரியாது; பிழை அவனுடையது.

நான் எதிலும் தலையிடவில்லை. தலையிடவும் மாட்டேன்.

ஊரில் ஒரு தூறலாவது விழுந்ததா? அதை எழுத மறந்துவிட்டீர்கள்.

நல்லகாமன்


மதுரை
20.12.1982

தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

தூறல் விழவில்லை. கிணறுகளில் மோட்டார் இரைகிறது, தண்ணீர் ஏறவில்லை.

தலையிட மாட்டேன் என்ற உங்கள் கடிதம் என் மேசையில் இருக்கிறது. "படப்பு வழக்கம்போல் தோட்டத்தில். மாற்றம் கூடாது" என்று நீங்கள் மொக்கைச்சாமிக்கு அடித்த தந்தியை அவர் நேற்றைய கூட்டத்தில் படித்தார். இரண்டுக்கும் ஒரே நாளின் அஞ்சல் முத்திரை. இதைப் பற்றி வேறு ஒன்றும் எழுதப் போவதில்லை.

தந்தியைப் படித்ததும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. எல்லாம் முடிந்தது என்று என் பையை எடுத்தேன். ஒச்சம்மாள், "பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, உக்காரு தாயி" என்றார். மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து, பள்ளிக்கூடச் சத்துணவுத் தட்டு ஒன்றில் பரப்பினார். "தோட்டத்துலயே போடுவோம்ங்கிறவுக எடுத்துக்கங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் தட்டைத் தள்ளினார்.

தட்டு சுற்றி வந்தது. யாரும் படப்பைப் பற்றிப் பேசவில்லை. யாருடைய ஆட்டுக்கோ கழிச்சல் என்றார்கள்; சந்தையில் மாட்டு விலை சரிந்ததைச் சொன்னார்கள். பேசிக்கொண்டே தட்டை அடுத்தவர்பால் நகர்த்தினார்கள். மொக்கைச்சாமி மட்டும் ஒரு வெற்றிலையை எடுத்தார், அக்கம்பக்கம் பார்த்தார், காம்பைக் கிள்ளாமல் திரும்ப வைத்துவிட்டார். தட்டு போனபடியே ஒச்சம்மாளிடம் வந்து சேர்ந்தது.

பிறகு ஒச்சம்மாள் எனக்கு விளக்கினார். "அந்தக் காலத்துல இப்படித்தேன். புடிக்காட்டி நகட்டிருவோம். ஏன்னு ஒருத்தரும் கேக்கப்படாது. சொன்னவுகளுக்கும் வருத்தமில்ல, நகட்டுனவுகளுக்கும் பகையில்ல. கையத் தூக்காம இருந்தா அப்படியா? அவுக மூஞ்சிக்கு நேரா அடிச்ச மாரில்ல? எங்க அண்ணன நாங்க அடிப்பமா?"

ஐயா, நீங்கள் தாம்பாளத்தை எடுத்தபோது அதனுடன் அவர்களுடைய 'இல்லை'யும் போய்விட்டது. நான் என் பங்குக்கு 'ஆம், இல்லை' என்று அச்சடித்த தாளைக் கொண்டுவந்து நீட்டினேன். நம் இருவரில் யாரும் அவர்களுக்கு மறுக்க வழி வைக்கவில்லை.

உங்கள் தோட்டம் ஏன் வேண்டாம் என்று சின்னத்தாயிடம் கேட்டேன். மேலத்தெருவில் ஒற்றை மாட்டை வைத்துப் பிழைப்பவர், உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணனும் சரி மதினியும் சரி, ஒரு நாளும் மூஞ்சியச் சுளிச்சதில்ல டீச்சர். அதேன் கஷ்டமே. சுளிச்சாகன்னா சண்ட போட்டு வாங்கிட்டு வந்துருவேன். என் பங்கு வைக்கோலுதேன். ஆனா வாசல்ல நின்டு 'மதினி'ன்டு கூப்புடுறப்ப, கைமாத்து கேக்க வந்தவ மாரில்ல இருக்கு."

இன்னொன்றும் எழுத வேண்டும். தட்டை நகர்த்தியவர்களில் முத்துத்தாய் அம்மாளும் ஒருவர். இதை உங்களுக்கு எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது தாயி. நேர்ல சொன்னா நான் முடிக்கங்குள்ள அவுக பேச ஆரம்பிச்சிருவாக. யாரு வந்து நின்டாலும் நான்தேன் கையில இருக்குற சோலியப் போட்டுட்டு ஓடணும். எனக்கும் கால் வலிக்காதா?" என்றார்.

பள்ளிக்கூடத்துப் பொட்டலில் போடலாம் என்று இரண்டாம் முறை தட்டு போனது. ஆளுக்கொன்று எடுத்ததில் வெற்றிலை போதவில்லை.

அற்புதமேரி


சிங்காநல்லூர்
6.1.1983

அற்புதமேரி அம்மையாருக்கு,

விடை எழுதக் காலம் தாழ்த்தினேன். படிப்பகத்தில் பேசும்போதும் தட்டு ஒன்று என் கண்முன் சுற்றிக்கொண்டே இருந்தது. பேச்சு நடுவில் நின்றது. என் வாழ்நாளில் அப்படி நின்றதில்லை.

தந்தி அடித்தது உண்மை. அதைப் பற்றித் தாங்கள் வேறு ஒன்றும் எழுதாததும் எனக்குத் தண்டனைதான்.

முத்துத்தாய்க்குக் கால் வலிக்கும் என்பதை இன்னொருவர் மடலில் படித்து அறிய வேண்டியவனாக இருக்கிறேன். அதை அவளிடம் பேசிக்கொள்வேன். இல்லை, கேட்டுக்கொள்வேன்.

ஆனால் அம்மையீர், தாம்பாளத்தைத் தாங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டா. ஒச்சம்மாள் சொன்னது பாதி. மீதியை அவள் சொல்ல மாட்டாள். அன்று அரிவாள் தூக்கிய இருவருள் ஒருவன் அவள் கணவன். பகையில்லையாம்! தட்டு எவரிடமிருந்து தொடங்குகிறது என்பதிலேயே ஊரின் மேடு பள்ளம் முழுதும் இருந்தது. கடைசியில் இருந்தவனுக்குக் காம்பு வந்தது. வெற்றிலையை நகர்த்துதல் வாயடைத்தவனின் மொழி. அம்மொழியை வாழ வைப்பதா நம் வேலை? "இது கூடாது" என்று எழுந்து நின்று, முகம் பார்த்து, வாய் திறந்து சொல்ல வேண்டும். சிங்காநல்லூர் இளைஞன் சொன்னானே, அப்படி. அந்நாள் வந்தாலன்றி எம்மன்றம் வலிமை பெற்றதென நான் ஒப்பேன். அதற்காகத்தான் இத்தனை ஆண்டு தொண்டை வறளப் பேசினேன். அவர்கள் என் பேச்சைக் கேட்டார்களே அன்றிப் பேசக் கற்கவில்லை என்பதைத் தங்கள் மடல்தான் எனக்குக் காட்டிற்று. அது கசக்கிறது.

என் தோட்டத்தில் படப்பு இருப்பது சின்னத்தாய்க்கு இழிவாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் பொட்டலுக்கு வேலி இல்லை. ஊர் ஆடுமாடு அத்தனையும் அவ்வழியே போகும். ஒரு தீப்பொறி போதும். மன்றத்தைச் சாம்பலாக்கிவிட்டுச் சமன்மை பேசுவதோ?

தை இறுதிக் கூட்டத்திற்கு வருகிறேன். தலைவனாகவே வருகிறேன், பேசுவேன். அதனால் தங்கள் அறிக்கை எப்படி ஆனாலும் ஆகட்டும். எழுத்தில் அடங்கியிருப்பது எனக்கு இயலவில்லை.

நல்லகாமன்


மதுரை
14.2.1983

தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

இன்றோ நாளையோ உங்களிடமிருந்து கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வராததால் நானே தொடங்குகிறேன்.

அன்றைய கூட்டத்தில் நீங்கள் பேசியதைப் போன்ற பேச்சை நான் கேட்டதில்லை. வறட்சியைப் பேசினீர்கள், சந்தைக்குப் போன மாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தீர்கள், வேலியில்லாப் பொட்டலில் தீ எப்படி ஓடும் என்று கை வீசிக் காட்டியபோது முன்வரிசை பின்னால் சாய்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். படப்பு தோட்டத்திலேயே இருக்கட்டும் என்று கேட்டீர்கள். ஒரு கைகூடக் கீழே இல்லை. நீங்கள் உள்ளே நுழைந்ததுமே மொக்கைச்சாமி வெற்றிலைத் தட்டை மேசைக்கடியில் காலால் தள்ளிவிட்டதை நான் பார்த்துவிட்டேன். நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்காக உங்கள் தோட்டத்து முனையில் நின்றேன். திருவாதவூர் லாரி வந்தது. பழக்கத்தில் டிரைவர் உங்கள் வாயிலருகே வேகத்தைக் குறைத்தார். வைக்கோலின் உச்சியில் உட்கார்ந்திருந்த சின்னத்தாய், "நிறுத்தாதண்ணே, நேரா போ!" என்று கத்தினார். நீங்கள் வேலியோரம் நின்று கையை உயர்த்தினீர்கள். தடுக்கவா, வழியனுப்பவா என்று எனக்கு விளங்கவில்லை. லாரி பொட்டலுக்குப் போய்விட்டது. அங்கே ஏற்கெனவே முள்வேலி அடைத்துத் தண்ணீர்த் தொட்டியும் நிரப்பி வைத்திருந்தார்கள். தீயைப் பற்றி நீங்கள் பேசியதை அவர்கள் கேட்காமல் இல்லை.

அதன்பின் நீங்கள் மன்றத்தார் யாரிடமும் பேசவில்லை என்று மொக்கைச்சாமி எழுதியிருக்கிறார். "தலைவரு மொகத்துல முழிக்கப் பயமா இருக்கு" என்பது அவர் வாசகம்.

அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். சுருக்கம் இது: 'தலைவரின் விருப்பத்தை மீறியும், தலைவரைப் புண்படுத்த விரும்பாமலும், தான் எடுத்த முடிவைத் தானே நிறைவேற்றும் வலிமை இம்மன்றத்திற்கு உண்டு.' உங்கள் மார்கழிக் கடிதத்தில் இருந்த நியாயத்தையும் விடவில்லை. கடைசிப் பத்தியைப் பாருங்கள்: 'மறுப்பை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் உறுப்பினர்களுக்கு இன்னும் வரவில்லை. பயிற்சி தேவை.' எங்கள் மையத்தின் வினாத்தாளையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அறிக்கையில் மன்றத் தலைவரின் கையொப்பம் வேண்டும். அது இல்லையென்றால் மன்றம் இரண்டுபட்டிருக்கிறது என்று எங்கள் மேலிடம் முடிவு செய்யும். கொட்டகையும் இல்லை, முதலுதவி நிலையமும் இல்லை. மாதக் கடைசிக்குள் வேண்டும். உங்களை வற்புறுத்த என்னிடம் சொற்கள் இல்லை. இருந்தாலும் உங்கள்முன் அவை எடுபடா.

அற்புதமேரி


ஒத்தப்பனைப்பட்டி
25.2.1983

அற்புதமேரி அம்மையாருக்கு,

தாங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கு முதலில் விடை. தடுக்கத்தான் கையை உயர்த்தினேன். ஓட்டுநன் அதை வணக்கமென்று கொண்டு, ஒலிப்பானை அடித்துவிட்டுச் சென்றான்.

அதன்பின் வீட்டினுள் இருந்தேன். சினம் என்று ஊரார் நினைத்தனர். சினமாக இருந்திருந்தால் தெருவில் இறங்கிப் பேசியிருப்பேன். எனக்கு அது எளிது. என் பேச்சைக் கேட்டு உயர்ந்த கைகளுள் எது மெய், எது என்மேல் கொண்ட இரக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மேசைக்கடியில் போன தட்டை நானும் பார்த்தேன், அம்மையீர். பார்த்துவிட்டுத்தான் பேசினேன். இன்னும் உரக்கப் பேசினேன்.

தாங்கள் அனுப்பிய அறிக்கை பல நாள் பெட்டிமேல் கிடந்தது. முத்துத்தாய் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். கையொப்பமிட்டால் என் தோல்விக்கு நானே சான்று கூறுவதாகும். இடாவிட்டால் ஊரின் மாடுகள் மீண்டும் சந்தைக்குப் போகும். இதில் எதைச் செய்வது என்பதில் எனக்கு ஐயமில்லை. செய்வதற்குக் கைதான் வரவில்லை.

நேற்று எங்கள் வீட்டில் வைக்கோல் தீர்ந்தது. "போயி வாங்கிட்டு வாங்க" என்றாள். "நானா?" என்றேன். "நீங்கதேன உறுப்பினரு? எனக்குக் கால் வலிக்குது" என்றாள்.

பொட்டலுக்குச் சென்றேன். கோடை முடியும்வரை படப்புக்குப் பொறுப்பு சின்னத்தாய் என்று மன்றம் வைத்திருக்கிறது, எனக்குத் தெரியாது. வேலிக்குள் ஓலைத் தடுக்கின்மேல் அமர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். பலர் நின்றிருந்தனர்; வழி விட்டனர். நான் முன்னே சென்றேன். அது தவறென்று அப்போது தோன்றவில்லை.

"வாங்கண்ணே" என்றாள்.

"வைக்கோல் வேண்டும், சின்னத்தாய்."

அவள் படப்பைப் பார்த்தாள், நின்றவர்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நான் வைக்கோல் கட்டக் கொண்டுபோன கயிற்றை உதறினேன்.

"முடியாதுண்ணே" என்றாள்.

ஊமை வெயில். மொக்கைச்சாமி எங்கோ ஒரு மாட்டின் பின்னால் மறைந்தான்.

"என்ன சொன்னாய்?"

"இன்னிக்கு மேலத்தெருவுக்கு முறை. ஒங்க தெருவுக்கு நாளைக்கு. எல்லாரும் பேசி வச்சதுண்ணே. ஒங்களுக்குன்னு பிரிச்சேன்னா நாளைக்கு இன்னொருத்தருக்குப் பிரிக்கணும்." அவள் முகத்தைத் திருப்பவில்லை. என்னைப் பார்த்தே சொன்னாள்.

நான் பேசத் தொடங்கினேன். பழக்கம். "சின்னத்தாய், இம்மன்றத்தை யான்..." என்றதும், வரிசையில் நின்ற ஒச்சம்மாள், "ஏண்ணே, அத மாசிக் கூட்டத்துல பேசுங்களேன். இப்பப் பேசுனா இருட்டிரும், எங்க மாடெல்லாம் பட்டினி" என்றாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்; எழுத விரும்பி எழுதுவதன்று, இம்முறை மெய்யாகவே சிரித்தேன்.

வெறுங்கயிற்றோடு திரும்பினேன். முத்துத்தாய் என் கையைப் பார்த்தாள், நடந்ததைச் சொன்னேன். "சொன்னாளா? வாய்விட்டா?" என்று கேட்டாள். "வாய்விட்டு" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே சென்றாள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய சோளத்தட்டையை மாட்டுக்குப் போட்டோம். அது எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.

மாசிக் கூட்டத்தில் தலைவர் தேர்வு உண்டு. நான் நிற்பேன். எவரேனும் எதிர்த்து நிற்க வேண்டும் என்று மொக்கைச்சாமியிடம் சொல்லி அனுப்பியுள்ளேன். பொட்டலுக்கு இன்னும் ஒரு தண்ணீர்த்தொட்டி வேண்டும் என்பதையும் பேசப்போகிறேன்; ஒருவர் மறுத்தாலும் உட்கார்ந்து கேட்பேன். எத்தனை நேரம் என்று உறுதி கூற இயலாது.

அறிக்கையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதில் ஒரு பிழை இருந்தது. மறுப்பை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் உறுப்பினர்களுக்கு இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வரியை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டிருக்கிறேன்.

நல்லகாமன்